கதவுக்கு வெளியே அக்கா

திருச்சுழி ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பேன். கையில் பை இல்லை. மாற்றுத் துணி, சார்ஜர், போன மாதம் வாங்கிய செருப்பு எல்லாம் அருப்புக்கோட்டையில் அக்காவின் குடோனில் கிடந்தன. காலில் இருந்தது வேலைக்குப் போடும் தேய்ந்த ரப்பர் செருப்பு. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பஸ் வந்தபோதெல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்றேனே தவிர கை காட்டவில்லை. ஏறினால் சீக்கிரம் போய்விடுவேன். சீக்கிரம் போய்ச் சேர எனக்கு ஓர் இடமும் இல்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பை விட்டு நடந்தேன். போர்வெல் லாரியை விட்டு நடந்தேன், அங்கே அடித்தார்கள். கேரளாவில் ஓர் ஓட்டலை விட்டு நடந்தேன். படுக்க இடம் தரவில்லை. வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனியில் கை வெந்தது, அங்கிருந்தும் நடந்தேன். அக்காவிடம் இந்தக் குறை எதுவும் கிடையாது. சோறு போட்டார். ஃபேனுக்குக் கீழே படுக்கச் சொன்னார். ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்ட இடத்தை விட்டு ஏன் போகிறாய் என்று யாராவது கேட்டால் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நல்ல காரணம் கிடைக்குமா என்று வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை.

அக்கா பதிப்பாளர். அவர் அப்பா விட்டுப்போன அச்சகம் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த வருமானத்தில் அக்கா ஒரே ஒரு வகைப் புத்தகம் போட்டார். பூட்டிய அறைக் கொலைக் கதைகள். அறை உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். கதவை உடைத்துக்கொண்டு போனால் பிணம் மட்டும் கிடக்கும், கொன்றவன் இருக்க மாட்டான். எப்படி வெளியே போனான் என்பதுதான் கதை. இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், ஜப்பான்காரன் எழுதியதையெல்லாம் உரிமை வாங்கி, அக்காவே தமிழில் எழுதினார். வேறு மாதிரிக் கதையும் போடலாமே என்று யாராவது சொன்னால், "காதல் கதைக்கு ஆயிரம் பேரு இருக்காக. இதுக்கு நான் ஒருத்திதான்" என்பார்.

நான் சிவகாசியிலிருந்து வந்த பேப்பர் லோடை இறக்க வந்தவன். இறக்கி முடித்ததும், "கட்டுப் போடத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியே தங்கிவிட்டேன். புத்தகத்தைப் பார்சல் கட்டுவது, பஸ்ஸில் ஏற்றிவிடுவது, புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் போடுவது என் வேலை. கதவு உடைக்கும் வேலை பிறகுதான் வந்தது.

அது பரளச்சிக்காரர் ஒருவரால் வந்தது. அக்கா போட்ட ஒரு கதையில், கொலைகாரன் கதவை வெளியே பூட்டி, நூலைக் கட்டி, சாவியைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிடுவான். அதைப் படித்துவிட்டு அந்தப் பெரியவர் பஸ் ஏறி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"இத எழுதுன தாயி யாரு?"

"நாந்தான் ஐயா. எழுதல, தமிழ்ல போட்டேன்."

"எங்க வீட்டுக் கதவு, மச்சான் வீட்டுக் கதவு, ஊர்க் கோயில் கதவு, எல்லாத்துலயும் பாத்துட்டேன் தாயி. நிலைப்படி இருக்கு. எறும்பு போகும். சாவி போகாது."

"அவுக நாட்டுல கதவுக்குக் கீழ படி வைக்க மாட்டாக."

"படி இல்லன்னா பாம்பு வராதா?"

அக்கா குனிந்து அச்சக வாசலின் படியைப் பார்த்தார். பெரியவர் விடவில்லை.

"அடியில சந்து இருக்கறது கக்கூஸ் கதவு ஒண்ணுக்குத்தான். அவன் என்ன கக்கூஸ்லயா செத்துக் கெடந்தான்? பங்களான்னுல்ல போட்டிருக்கீக!"

நான் சிரிப்பை அடக்கப் பார்சலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு புத்தகம் சும்மா கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து, கையால் செய்து பார்க்காத தந்திரம் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டார். குடோனுக்குள் ஓர் அறை எழும்பியது. ஒரு கட்டில், ஒரு மேசை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு கதவு. நிலை வைக்க வந்த ஆசாரிதான் முரண்டு பிடித்தார். "படி இல்லாத நிலை நான் வைக்க மாட்டேம்மா. படி இல்லன்னா அது வாசலே இல்ல." அரை நாள் பேசியபின் கழற்றி மாட்டுகிற படி ஒன்று செய்து, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார். கதை எந்த நாட்டுடையதோ அதைப் பார்த்து அக்கா படியைக் கழற்றுவார், மாட்டுவார்.

அந்தச் சமயத்தில் காதர் வந்து சேர்ந்தான். வீரசோழன்காரன். துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் கதவும் பூட்டும் பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு ஊரோடு வந்திருந்தான். தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவன், அந்த அறையைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டான். அக்கா சொன்னார். பத்திரிகையை மறந்துவிட்டு மாலை வரை உட்கார்ந்துவிட்டான். சட்டையில் மடிப்புக் கலையாது. பக்கத்தில் வந்தால் அத்தர் மணக்கும். அக்காவை மேடம் என்றுதான் கூப்பிடுவான். இங்கிலீஷ் புத்தகத்தை அக்காவிடமிருந்து வாங்கி அவர் சொன்ன பக்கத்தை அங்கேயே படிப்பான். நான் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறவன். அக்கா போட்ட புத்தகம் ஒன்றை முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆகும்.

ஒரு தந்திரத்தைச் சோதிப்பது இப்படித்தான் நடக்கும். அக்காவும் காதரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அக்கா அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். நான் வெளியே பார்சலுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பேன். முணுமுணுப்பு கேட்கும், வார்த்தை கேட்காது. அவன் சிரித்தால் என் பசை கோடு தாண்டும். பிறகு அக்கா மட்டும் வெளியே வந்து என் பக்கத்தில் நிற்பார். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ம், ஒடை" என்பார். நான் தோளைக் கொடுத்து இடிப்பேன். ஸ்குரூ தெறிக்கும், கதவு திறக்கும். உள்ளே கட்டில் இருக்கும், மேசை இருக்கும், காதர் இருக்க மாட்டான்.

"இப்பச் சொல்லு. எப்படிப் போனான்?"

நான் கட்டிலுக்குக் கீழே பார்ப்பேன். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பேன். ஏதாவது உளறுவேன்.

"ம், அப்புறம்?" என்பார் அக்கா.

இன்னும் கொஞ்சம் உளறுவேன். அதற்குள் காதர் வாசல் வழியாக மூன்று டீயோடு வருவான். இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கேட்டால் அக்கா, "சொன்னா செத்துப்போகும் தம்பி" என்பார். புத்தகம் வந்தபின் படித்துக்கொள் என்பார். அச்சில் வந்தபின் ஊரில் எவனும் படிப்பான். அதில் எனக்கு என்ன இருக்கிறது? அக்கா வாயால், அந்த அறைக்குள் வைத்து, எனக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கதவை மறுபடி சரி செய்து ஸ்குரூ முடுக்கும்போதெல்லாம் இதையே நினைப்பேன்.

டீக்கடையில் ஒரு நாள் காதரிடம் கேட்டேன்.

"உள்ள என்னடா சொன்னாக?"

"சத்தியம் வாங்கிட்டாங்க மாப்ள. என்னையக் கேக்காத."

"கதவ ஒடைக்கிறவனுக்குச் சொல்லக் கூடாதா?"

"ஒனக்கு மட்டும்தான் சொல்லக் கூடாது." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "நீ குடுத்து வச்சவன்டா."

"எதுக்கு? தோளு வீங்குறதுக்கா?"

"போடா, ஒனக்குப் புரியாது."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வியாதி என்றும் சொல்லலாம். மூலப் புத்தகத்தைப் படிக்கும்போது கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். அதன்பிறகு சில நாள் வேறு ஆளாக இருப்பார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுவார். மதுரைக்குப் போக வேண்டியவர் சாயல்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். பிறகு ஒரு நாள் காலையில் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருப்பார்.

"முடிஞ்சுபோச்சு தம்பி."

"கொலகாரன் ஆப்புட்டுட்டானாக்கா?"

"போன வாரமே ஆப்புட்டுட்டான். தப்பா இருக்காதான்னு இத்தன நாளா இழுத்துப் பாத்தேன். இப்பத்தான் கடசிப் பக்கத்தப் படிச்சேன். நான் நெனச்சதேதான்."

"அதுக்கு எதுக்கு இந்தச் சோகம்? ஜெயிச்சுல்ல இருக்கீக."

"ஒரு புத்தகமும் என்னைய ஏமாத்த மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு ஏமாத்தட்டும், கடைய மூடிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்துக்கிறேன்."

எல்லாவற்றிலும் அப்படித்தான். பார்சலைப் பிரிக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போதே கடன் கேட்க வந்தவரா, பத்திரிகை அடிக்க வந்தவரா என்று தெரிந்துவிடும் அவருக்கு. சொந்தக்காரர்கள் ஒரு தடவை அவருக்குத் தெரியாமல் பெண் பார்க்க ஆள் கூட்டி வந்தார்களாம். அக்கா அவர்கள் வருவதற்கு முன்பே வடைக்கு ஊறப் போட்டுவிட்டு, வந்தவர்களிடம் முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். இதை அவரே சிரிக்காமல் சொன்னார்.

விருதுநகரில் ஸ்டால் போட்டிருந்தபோது ஒருவர் புத்தகத்தை எடுத்து நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அக்கா நாற்காலியிலிருந்து பாய்ந்து அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"இது ஒங்களுக்கு இல்ல சார்."

"காசு குடுக்குறேன்ம்மா."

"ரெண்டு மடங்கு குடுத்தாலும் இல்ல. பஜ்ஜிக் கடை அந்தப் பக்கம் இருக்கு, போங்க."

வியாபாரம் குறைந்த நாள் அது. நான்தான் எரிச்சலில் மேசையைத் தட்டினேன். அக்கா அந்த ஆள் போகும் திசையைப் பார்த்து, "ஒரு தடவதான் கெடைக்கும். அதப் போயி வீணாக்குறானே" என்றார்.

பனிக்கதை வந்தது. வெட்டவெளியில் பனி விழுந்து கிடக்கிறது, நடுவில் பிணம், சுற்றி ஒரு காலடிகூட இல்லை. இங்கே யார் பனியைக் கண்டார்கள், மணலாக்கிவிடலாம் என்று காதர் சொன்னான். "பனியப் பனின்னுதான் போடுவேன். ஆனா நடந்து பாக்கணும்ல" என்றார் அக்கா. திருச்சுழிப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மழைக்குக் காத்திருந்தோம். கரிசலில் மழை பெய்தால் காலை வைக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பிக்கொண்டு கால் குடம் மாதிரி ஆகிவிடும். ஒரு கோழி நடந்தாலும் தடம் தெரியும்.

மழை விட்ட காலையில் அக்கா என்னை வரப்புக்குக் கூட்டிப்போனார். தூறல் மிச்சம் இருந்தது. குடையை என் தலைக்கு மேலே பிடித்தார். அவர் தோள் நனைந்தது. வயலுக்கு நடுவில் கவிழ்த்த அண்டா மேல் காதர் உட்கார்ந்து கை ஆட்டினான். நான்கு பக்கமும் வழுவழுவென்று ஈர மண். ஒரு தடம் இல்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். திரும்பினால் அக்கா காதரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மூஞ்சில சேறா?"

"இல்ல. அப்படியே நில்லு."

எவ்வளவு பெரிய முட்டாள் என்று அளக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்களோடு உட்காரவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதன்பின் எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த புத்தகம் சோதனைக்கு வந்த அன்று, காதர் உள்ளே போகும் முன் நான் போய் அறை வாசலை மறித்து நின்றேன்.

"இந்தத் தடவ நான் உள்ள போறேன்க்கா."

அக்கா கையில் இருந்த தாளை மடித்தார். "உள்ள போயிட்டா அப்புறம் வெளிய நிக்க முடியாது தம்பி."

"ஒடைக்கத்தான் இவன் இருக்கான்ல."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

காதரின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுக்கையை மடித்துக்கொண்டிருந்தான், ஊருக்குப் போகப் பஸ் ஏறுகிறவன் மாதிரி சந்தோஷமாக.

அறைக்குள் கட்டிலில் உட்கார வைத்து அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எத்தனை நாள் காத்திருந்தது! ஆனால் பஸ் டைம் சொல்கிறவர் மாதிரி சொன்னார். இதை இப்படிப் பிடி, இதை அங்கே வை, பிறகு இந்த வழியாகப் போ. என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தந்திரமும் அவ்வளவுதான். உள்ளங்கை அளவு விஷயம். அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். புத்தகம் இன்னும் வரவில்லை. "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது என்றேன். வெளியே போய்விட்டார்.

சொன்னபடி செய்தேன். தாழ் உள்ளே விழுந்தது, நான் வெளியே இருந்தேன். குடோனின் பின்பக்கம், பேப்பர் கட்டுகளுக்கு இடையே. இனி டீ வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போக வேண்டியதுதான். போகும் வழியில் அறையின் கம்பி ஜன்னல். கதவு இடிபடும் சத்தம் கேட்டது. காதருக்கு உடைக்கத் தெரியவில்லை. நான்கைந்து முறை இடித்தான். நின்று ஜன்னல் ஓரமாகப் பார்த்தேன்.

கதவு திறந்தது. காதர் காலி அறையைப் பார்த்து, "யா அல்லா" என்றான். அந்த நேரத்தில் அக்காவைப் பார்த்தேன்.

இத்தனை கதவு உடைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை. என் கண் எப்போதும் காலி அறையில் இருக்கும். அக்கா அவன் முகத்தைக் குடிப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் புருவம் ஏறினால் அவர் புருவமும் ஏறியது. அவன் கட்டிலுக்குக் கீழே குனிந்தபோது இவரும் குனிந்தார், தனக்கும் தெரியாதது மாதிரி. பத்து வயசுப் பெண் பிள்ளை மாதிரி இருந்தார்.

"இப்பச் சொல்லு காதரு, எப்படிப் போனான்?"

குரல் நான் கேட்ட குரல்தான். என்னிடம் கேட்டபோதெல்லாம் அதில் இருந்தது என்ன என்று இப்போது தெரிந்தது. அதை நான் கேலி என்று நினைத்திருந்தேன்.

காதர் ஏதோ சொன்னான்.

"ம், அப்புறம்?" என்றார்.

அந்த "அப்புறம்" என்னுடையது. நானே கேட்டு வாங்கி இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்தவனைப் பார்த்து இத்தனை நாள் வயிறு எரிந்தது. இப்போது வெளியே நிற்கிறவனைப் பார்த்து எரிந்தது. டீக்கடைப் பக்கம் திரும்ப வேண்டிய கால் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

திருச்சுழி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்காவின் நம்பரிலிருந்து பல தடவை அடித்திருந்தது. எடுக்கவில்லை. காதர் கூப்பிட்டபோது எடுத்தேன்.

"மாப்ள, எங்கடா இருக்க?"

"சும்மா இருக்கேன்."

"டீயோட வருவ, வருவன்னு நின்னோம். வரல. மேடம் கடைக்கு ஓடுனாங்க, அங்க இல்ல. பின்னாடி போனாங்க, இல்ல. ஒன் பை இருக்கு, செருப்பு இருக்கு, ஆள் இல்ல. திரும்பி வந்து அந்த ரூமுக்குள்ள போயி, கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாக்குறாங்கடா! அவங்களே சொல்லிக்குடுத்த வழி, அவங்களே குனிஞ்சு பாக்குறாங்க! மேடம் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். வாயி தொறந்தது தொறந்தபடி. நான் அப்படி ஒரு மூஞ்சியப் பாத்ததே இல்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சிரிக்கவா அழவான்னு தெரியாம நிக்கிறாங்க. எங்க போனான், எங்க போனான்னு ஒரே கேள்வி. கடசி பஸ்ஸுக்கு வந்துரு மாப்ள."

"அவுக என்ன சொன்னாக?"

"'தெரியலையே காதரு'ன்னாங்க. மேடம் வாயில அந்த வார்த்தைய நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. கேட்டவன் அவன். பார்த்தவனும் அவன்தான். அக்காவை ஏமாற்றிய ஒரே ஆள் நான்; அதற்குச் சாட்சி அவன். போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது, ஆள் ஏற்றியது. ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அக்கா முன்னால் நிற்கலாம். நின்ற உடனே அந்த முகம் போய்விடும். "திருச்சுழியிலயா இருந்த? நெனச்சேன்" என்பார். பஸ் போகட்டும் என்று விட்டேன்.

காலையில் பரளச்சிப் பக்கம் கரிமூட்டம் போடும் இடத்தில் ஆள் தேவை என்று டீக்கடையில் சொன்னார்கள். போனேன். வெட்டிய கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்க ஆள் உயரத்துக்கு அடுக்கி, தழை பரப்பி, மண் பூசிக்கொண்டிருந்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் நடத்துகிற மூட்டம்.

"எங்கருந்து வார?" என்றார் அந்தம்மா.

"ரோட்டுல வந்தேன்."

"ஆமா, ரோட்டுலதான் மொளச்ச! முன்னாடி என்ன வேல பாத்த?"

"கதவு ஒடைக்கிற வேல."

மண்வெட்டியைத் தர நீட்டியவர் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏங்க, இங்க வாங்க, இவன் என்னமோ சொல்றான்" என்று புருஷனைக் கூப்பிட்டார். திருட்டு இல்லை, புத்தகத்துக்காக உடைத்தது என்று விளக்கினேன். உள்ளே தாழ் போட்ட அறை, ஜன்னலில் கம்பி, கதவை உடைத்தால் ஆள் இல்லை. அந்தம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். நெற்றியில் மண் காய்ந்திருந்தது. புருவம் மெல்ல மேலே ஏறியது.

"அப்ப எப்படித்தான்யா வெளிய போனான்?"

எனக்குத் தெரிந்த தந்திரம் அந்த ஒன்றுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்க என்ன நெனக்கிறீக?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மூட்டத்துக்குப் போனேன்.